போட்டோல கடல் தெரியல

எங்க வீட்டுல அப்பா போட்டோவுக்கு மாலை கிடையாது. ஹால்ல டிவிக்கு மேல, மாதா படத்துக்குப் பக்கத்துலயே மாட்டியிருக்கு. புதுசா வீட்டுக்கு வர்றவங்க நிமிந்து பாத்துட்டு "அப்பா வெளிநாட்டுலயா இருக்காக"ன்னு கேப்பாங்க, நான் காப்பி போடுற சாக்குல அடுப்படிக்குப் போயிருவேன், ஏன்னா அந்தக் கேள்விக்கு அம்மாதான் பதில் சொல்லணும், 30 வருஷமா அவங்கதான் சொல்லிட்டு இருக்காங்க. "கடலுக்குப் போயிருக்காக"ம்பாங்க. போனாக இல்ல, போயிருக்காக.

நான் எட்டாப்பு படிக்கும்போது, வாடைக்காத்து ஆரம்பிச்ச நேரம், தங்கச்சிமடத்துல இருந்து ஒரு வல்லத்துல மூணு பேர் போனாங்க. வல்லம் மட்டும் மூணாம் நாள் கவுந்த மேனிக்கு ஒதுங்குச்சு. ஆளுங்க ஒதுங்கல. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிஞ்சது, இன்னைக்கு வரைக்கும் அதுக்கு மேல ஒரு வரி தெரியாது. ஒரு ஆபீஸ்ல அம்மாகிட்ட "பாடி கிடைச்சா வாங்கம்மா"ன்னு சொன்னாங்க, ஸ்கூல் யூனிபார்மோட நான் பக்கத்துல நின்னேன். காணாமப் போனவரைப் பத்தி 7 வருஷம் ஒரு தகவலும் இல்லன்னாத்தான் சட்டம் அவரை இறந்தவரா எடுத்துக்கும். 7 வருஷம் கழிச்சு சர்ட்டிபிகேட் வந்துச்சு, சித்தப்பா ஒரு சந்தனமாலை வாங்கிட்டு வந்து போட்டோவுக்குப் போட்டாரு, அன்னைக்கு ராத்திரியே அம்மா ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழட்டிட்டாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல.

இன்னைக்கு எழுத உக்காந்தது ஒரு கிரேக்கக் கவிஞரைப் பத்தி. ஆனா அவங்களை நான் எந்த வீட்டுல உக்காந்து படிச்சேன்னு சொல்லாம எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல, அதான் அப்பாகிட்ட இருந்து ஆரம்பிச்சேன்.

அவங்க பேரு கிக்கி திமுலா. அந்த 'தி' நாம 'திங்க'ன்னு சொல்ற அழுத்தமான தி இல்ல, 'அது'ங்கிறப்ப வாயில மெதுவா உரசிட்டுப் போற த இருக்கே, அந்த ஒலி. கிரேக்கத்துல அந்த ஒலி பேருக்கு முதல்லயே வரும். அவங்க வாசிக்கிற ஒரு வீடியோவைக் கேட்டுட்டு இதை நானாக் கண்டுபிடிச்சேன், அன்னைக்கு ரொம்ப சந்தோசமா இருந்துச்சு, ஏதோ ஒரு எழுத்தாவது ரெண்டு பாஷைக்கும் பொதுவா இருக்கேன்னு. கிரேக்கம் எனக்குத் தெரியாது, இங்கிலீஷ் வழியாத்தான் படிக்கிறேன், அதுக்கப்புறம் யூடியூப்ல மூலத்தைக் கேக்கிறேன், வரி எங்க முடியுது, எங்க மூச்சு விடுறாங்கன்னு மட்டும் தெரிஞ்சுக்க.

2020 பிப்ரவரி 22ல அவங்க ஏதென்ஸ்ல இறந்தாங்க, 88 வயசு. அந்த செய்தியில இருந்துதான் எனக்கு அவங்க பேரே தெரியும். ஒரு மாசத்துல லாக்டவுன் வந்துருச்சு. பேங்க்ல வேலை பாக்கிறவங்களுக்கு லீவு இல்ல, காலையில காலி ரோட்டுல ஸ்கூட்டியில போவேன், பாலத்துல என்னைத் தவிர யாரும் இல்ல, ரெண்டு பக்கமும் கடல், அது பாட்டுக்கு இருக்கும். மத்தியானம் கேஷ் கவுன்டர்ல கூட்டம் இல்லாத நேரத்துல போன்ல அவங்க கவிதைகளைத் தேடித் தேடிப் படிச்சேன். செய்தியில ஒரு வரி போட்டிருந்தான், இவங்க 25 வருஷம் பேங்க்ல கிளார்க்கா வேலை பாத்தவங்கன்னு. உண்மையைச் சொன்னா கவிதையைவிட அந்த வரிதான் என்னை முதல்ல இழுத்துச்சு.

முதல்ல படிச்ச கவிதையே ஒரு போட்டோவைப் பத்தினது. தலைப்பு 'போட்டோ 1948'. 1971ல வந்த, 'உலகத்தோட கொஞ்சம்'னு நான் சொல்லிக்கிற புத்தகத்துல இருக்கு. அவங்க பிறந்தது 1931, அப்ப 1948ல 17 வயசு. பல வருஷம் கழிச்சு தன்னோட பழைய போட்டோ ஒண்ணைக் கையில எடுத்துப் பாக்கிறாங்க. கையில ஏதோ பூ வச்சிருக்கேன் போலங்கிறாங்க, ஆச்சரியமா இருக்கு, அப்படின்னா என் வாழ்க்கையில எப்பவோ ஒரு தோட்டம் கடந்து போயிருக்கு. இன்னொரு கையில கல். முகத்துல சிரிப்பு, அந்தச் சிரிப்போட வளைவு நல்லா இழுத்து வச்ச வில்லு மாதிரி இருக்கு, அப்படின்னா என் வாழ்க்கையில எப்பவோ ஒரு குறி கடந்து போயிருக்கு. இப்படியே போகும். போட்டோல தெரியிற ஒவ்வொண்ணையும் போலீஸ்காரர் சாட்சி எடுக்கிற மாதிரி எடுத்து, அதை வச்சு, தான் ஒரு காலத்துல எப்படி இருந்திருக்கணும்னு கண்டுபிடிக்கிறாங்க. ஞாபகம் வச்சு சொல்லல, பாருங்க. அத்தாட்சியை வச்சு சொல்றாங்க. தன்னோட வாழ்க்கையையே வெளியாள் மாதிரி நின்னு ஊகிக்க வேண்டிய நிலைமை.

கடைசிக்கு முன்னாடி ஒரு இடம் வரும். திடீர்னு ஒரு ஆளைப் பாத்துப் பேசுறாங்க. நீ இந்தப் போட்டோல தெரியல, ஆனா இங்க ஒரு கிடுகிடு பள்ளம் இருக்கு, அதோட விளிம்புல நான் பூவை வச்சுக்கிட்டு சிரிச்சிட்டு நிக்கிறேன்னா, நீ இந்தா வந்துட்டே இருக்கன்னு அர்த்தம்.

நான் கவுன்டர்ல உக்காந்திருந்தேன். எதிர்ல ஒரு பெரியவர் பாஸ்புக்கை நீட்டிட்டு நிக்கிறாரு, எனக்கு அவர் கை மட்டும் தெரியுது, முகம் தெரியல. கண்ணு நிறைஞ்சிருச்சு. போட்டோல இல்லாத ஆளை போட்டோல இருக்கிற பள்ளத்தை வச்சு நிரூபிக்கிறாங்களே, இப்படிக்கூட ஒருத்தங்க பாக்க முடியுமான்னு இருந்துச்சு. அதுவரைக்கும் போட்டோன்னா இருக்கிறதைக் காட்டுறதுன்னுதான் நினைச்சிருந்தேன்.

அப்புறம் அவங்க வாழ்க்கையைத் தேடிப் படிச்சேன். பெருசா சம்பவம் இல்லாத வாழ்க்கை, வெளியில பாத்தா. பிறந்தப்ப பேரு வாசிலிக்கி ராது. ஏதென்ஸ்ல கிப்செலின்னு ஒரு பகுதி, அந்தப் பேருக்கு தேன்கூடுன்னு அர்த்தம், அங்கதான் வாழ்நாள் பூரா. 10 வயசுல ஜெர்மன்காரன் ஊரைப் புடிச்சு வச்சிருந்த காலம், 1941-42 குளிர்ல ஏதென்ஸ் தெருவுல ஜனங்க பட்டினியில செத்த பஞ்சம், அது முடிஞ்சதும் உள்நாட்டுச் சண்டை. அந்த 1948 போட்டோல பூவோட சிரிக்கிற பொண்ணைச் சுத்தி நாட்டுல அதுதான் நடந்துட்டு இருக்கு, கவிதையில அதைப் பத்தி ஒரு சொல்லு கிடையாது. பள்ளிக்கூடம் முடிச்சு 1949ல பேங்க் ஆப் கிரீஸ்ல சேர்ந்தாங்க, 1974 வரைக்கும் அங்கதான். 1952ல முதல் புத்தகம் போட்டாங்க, பின்னாடி அவங்களே அதை வேண்டாம்னு ஒதுக்கிட்டாங்க. வீட்டுக்காரர் ஆதோஸ் திமுலாஸ், சிவில் என்ஜினியர், அவரும் கவிஞர். ஒரு பையன் ஒரு பொண்ணு. 1985ல அவர் இறந்துட்டாரு. பரிசெல்லாம் நிறைய வந்துச்சு, 2002ல ஏதென்ஸ் அகாடமியில உறுப்பினரா எடுத்தாங்க, 2009ல ஐரோப்பிய இலக்கியப் பரிசு. அதெல்லாம் எனக்குப் பெருசாப் படல.

எனக்குப் பெருசாப் பட்டது அந்த 25 வருஷம். ஏன்னா இதுல ஒரு விஷயம் இருக்கு, தமிழ் ஆளுங்களுக்கு அது டக்குன்னு புரியும். கிரேக்கத்துலயும் ரொம்ப நாளா ரெண்டு பாஷை ஓடிட்டு இருந்துச்சு, ஒண்ணு கத்தாரெவுசா, தூய்மைப்படுத்துன பாஷைன்னு அர்த்தம், அரசாங்கம், கோர்ட்டு, ஆபீஸ் காகிதமெல்லாம் அதுல. இன்னொண்ணு தெமோதிக்கி, ஜனங்க பேசுறது. பேச்சு மொழியை அரசாங்க மொழியா ஆக்குனது 1976லதான். அதாவது திமுலா வேலையை விட்டு ரெண்டு வருஷம் கழிச்சு. அப்ப அவங்க 25 வருஷம் ஆபீஸ்ல தொட்ட காகிதமெல்லாம் அந்தக் கஞ்சி போட்ட பாஷையிலதான் இருந்திருக்கும், சாயங்காலம் வீட்டுக்கு வந்து பிள்ளைங்ககிட்ட பேசுறது வேற பாஷை. அவங்க கவிதையில ரெண்டும் ஒரே வரியில வந்து உக்காரும்னு அவங்களை மொழிபெயர்த்தவங்க எல்லாரும் சொல்றாங்க, மொழிபெயர்க்க முடியாம திணர்றதும் அந்த இடத்துலதான். காதலைப் பத்தி எழுதிட்டு இருக்கும்போது நடுவுல இலக்கணப் புத்தகத்துச் சொல்லு வரும், சட்டச் சொல்லு வரும். 1958ல வந்த ஒரு புத்தகத்தோட தலைப்பே கோர்ட்டு வார்த்தை, ஆள் ஆஜராகாமயே தீர்ப்பு சொல்றது இருக்கே, அது. ராமநாதபுரம் கோர்ட்டு வாசல்ல கேட்டா "எக்ஸ்பார்ட்டி ஆயிருச்சு"ம்பாங்க. எங்கப்பா கேஸும் அதுதான். ஆஜராகாத ஆளுக்குத் தீர்ப்பு.

நானும் 19 வருஷமா எழுதுறேன், "மேற்படி நகைகளை அடமானமாகப் பெற்றுக்கொண்டு"ன்னு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல ஆரம்பிச்சு ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகு கரையில கிடக்கும், அந்த ரெண்டு மாசமும் எங்க கிளையில நகைக்கடன் கூட்டம் தாங்காது. போன வருஷம் ஒரு பொண்ணு, 25 வயசுக்கு மேல இருக்காது, தாலிச்செயினைக் கழட்டி கவுன்டர்ல வச்சுச்சு. வைக்கிறதுக்கு முன்னாடி திரும்பி நின்னு கழுத்துல மஞ்சக்கயித்தை மாட்டிக்கிச்சு, அதை வீட்டுல இருந்தே முடிச்சுப் போட்டு முந்தியில சுருட்டிக் கொண்டாந்திருக்கு. அப்ரைசர் செயினை உரைகல்லுல ஒரு இழுப்பு இழுத்தாரு, கருப்புக் கல்லுல மஞ்சளா ஒரு கோடு, அது மேல ஆசிட் சொட்டு. அந்தப் பொண்ணு கல்லையே பாத்துட்டு நிக்குது. நான் சீட்டுல எழுதுறேன், விவரம்: தாலிச்செயின் 1. எண்ணிக்கை ஒண்ணு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து திமுலாவோட இன்னொரு கவிதையைத் திரும்பப் படிச்சேன், ஒரு பொது இடத்துல கை பின்னால கட்டப்பட்ட ஒரு பொம்பள சிலை, அதைப் பாத்து அவங்க பேசுறாங்க, எல்லாரும் உன்னை எடுத்த எடுப்புல சிலைங்கிறாங்க, நான் எடுத்த எடுப்புல உன்னைப் பொம்பளன்னு கூப்பிடுறேன்னு. ஏன்னா அந்தக் கட்டுன கை. அதுல இருந்துதான் அடையாளம் தெரிஞ்சுதாம். சிலையைப் பத்தி இதுவரைக்கும் ஆயிரம் பேர் எழுதியிருக்கலாம், ஆனா அந்த ஒரு கூப்பிடுதல்ல எல்லாம் மாறிப் போகுது.

கவிதைன்னா என்னன்னு அவங்க சொன்ன ஒரு விளக்கம் இருக்கு, கிரேக்கத்துல ரொம்பப் பேருக்கு மனப்பாடம். நான் எங்க ஊர் பாணியில சொல்றேன். பாலைவனத்துல நடந்து போயிட்டு இருக்க. ஒரு குருவி கத்துற சத்தம் கேக்குது. பாலைவனத்துல குருவி எங்க இருந்து வரும், இருக்க வாய்ப்பே இல்ல, இருந்தாலும் கேட்டுட்டல்ல, இப்ப அதுக்கு ஒரு மரம் செஞ்சு குடுக்க வேண்டிய கடமை உனக்கு வந்துருச்சு. அதுதான் கவிதை.

இதை நான் தனுஷ்கோடி மணல்ல நின்னு யோசிச்சுப் பாத்திருக்கேன். 1964 டிசம்பர்ல புயல் அடிச்சு ஒரு ஊரே போச்சு, பாம்பன்ல இருந்து போன ரயிலும் ஆளோட போச்சு, மிச்சம் இருக்கிறது சர்ச் சுவரும் நாலு இடிஞ்ச கட்டடமும். டூரிஸ்ட் வண்டியில வர்றவங்க அந்தச் சுவர் முன்னாடி நின்னு போட்டோ எடுப்பாங்க. எங்க பாட்டி அந்தப் பக்கம் வரவே மாட்டாங்க, ஒரு தடவை கூட்டிட்டுப் போனப்ப அந்த வெறும் மணலைக் காட்டி "இந்தா இதுதான் எங்க சின்னம்மா வீட்டு வாசல், இங்கன முருங்கை நின்னுச்சு"ன்னு நடந்துக்கிட்டே போறாங்க, வாசல்படி வந்த இடத்துல காலைத் தூக்கி வச்சாங்க. நான் பாத்தேன். மணல்ல படியே இல்ல, ஆனா காலைத் தூக்கி வச்சாங்க. திமுலா சொன்ன மரம் அதுதான்னு நினைக்கிறேன், கேட்ட சத்தத்துக்கு மரம் வைக்கிறது. ஆறுதல் சொல்றது வேற, இது வேற. திமுலா எங்கயுமே ஆறுதல் சொல்ல மாட்டாங்க. எல்லாம் சரியாப் போயிரும், காலம் ஆத்தும், அவர் உன்னை மேல இருந்து பாத்துட்டு இருக்காரு, இதுல ஒண்ணு கூட அவங்ககிட்ட கிடையாது, சாவு வீட்டுல கேட்டுக் கேட்டு எனக்குச் சலிச்சுப் போன பேச்சு பூரா அவங்ககிட்ட இல்ல. இல்லாததை இல்லாததாவே வச்சு, அதுக்கு அளவெடுத்து ஒரு சட்டை தைப்பாங்க.

வீட்டுக்காரர் இறந்த பிறகு 1988ல ஒரு புத்தகம் வந்துச்சு. தலைப்பு ரெண்டே சொல்லு, 'ஹேரே பொத்தே'. பொத்தேன்னா ஒருபோதும், இனி எப்பவும் இல்லங்கிற அர்த்தத்துல. ஹேரேங்கிறது கிரேக்கத்துல வணக்கம் சொல்ற பழைய சொல்லு, நேரா அர்த்தம் பாத்தா 'மகிழ்ச்சியா இரு'. வரும்போதும் அதான், போகும்போதும் அதான், பழைய கல்லறைக் கல்லுல செதுக்கியிருக்கிறதும் அதே சொல்லுதான். பைபிள்ல கபிரியேல் தூதர் மாதாவைப் பாத்து சொல்ற முதல் சொல்லும் அதுதான், நாம ஜெபமாலையில "அருள் நிறைந்த மரியே வாழ்க"ன்னு சொல்றோமே, அந்த வாழ்க. அப்ப அந்தத் தலைப்பு என்ன சொல்லுது? 'ஒருபோதும்'ங்கிறதை ஒரு ஆளா நிறுத்தி வச்சு அதுக்கு வாழ்க சொல்லுது. வாழ்க, இனி இல்லையே. சின்னப் பிள்ளையில இருந்து ஒரு நாளைக்கு 50 தடவை சொன்ன ஜெபத்தோட முதல் வரியில இருக்கிற சொல்லு இப்படி ஒரு இடத்துல வந்து நிக்கும்னு நான் நினைச்சதே இல்ல.

இதை அம்மாகிட்ட சொன்னேன். அம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கிறவங்கதான், ஆனா ஜெபம் பூரா மனப்பாடம். வெயில்ல காயப்போட்ட நெத்திலியைக் கிளறிவிட்டுட்டு இருந்தாங்க. வெளிநாட்டுல ஒரு அம்மா, வீட்டுக்காரர் செத்துப் போயிட்டாரு, இப்படி ஒரு புத்தகம் எழுதியிருக்காங்கன்னு சொன்னதும் அவங்க கேட்ட முதல் கேள்வி "கடல்லயா?"

"இல்லம்மா. அவர் என்ஜினியரு. கடலுக்குப் போறவரு இல்ல."

"அப்ப மொகத்தப் பாத்திருப்பா."

"பாத்திருப்பாங்க."

அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல, காக்காயை விரட்டுனாங்க. அப்புறம் "அந்தச் சொல்லு என்ன சொன்ன, வரும்போதும் அதுதான் போகும்போதும் அதுதானா?"ன்னாங்க. ஆமான்னேன். "நம்மளும் அதத்தான சொல்றோம் புள்ள. ஒங்கப்பா என்ன, போறேன்னா சொல்லிட்டுப் போனாக. வாரேன்னுதான் சொன்னாக. நான் அடுப்ப ஊதிக்கிட்டு இருந்தேன், ம்ம்னேன்."

அவ்வளவு வருஷத்துல அந்த 'ம்ம்'மை அம்மா யாருகிட்டயும் சொன்னதில்ல, என்கிட்டயும்.

எல்லா கவிதையும் எனக்குப் பிடிக்கும்னு சொல்ல மாட்டேன். பிற்காலத்துக் கவிதைகள்ல சிலது ரொம்ப நீளமா, சொல்லு விளையாட்டு விளையாட்டா போய்க்கிட்டே இருக்கு, ஒரு படிமத்தை முடிக்கிறதுக்குள்ள அடுத்தது, மொழிபெயர்ப்புல வேற அந்த விளையாட்டோட சத்தம் போயிருது, வெறும் கணக்கு மட்டும் நிக்குது. அவங்களுக்கே அது தெரியும்னுதான் தோணுது, ஏன்னா முன்னாடியே ஒரு கவிதையில, ஏதாவது பேசு, இரும்பு மாதிரி நிக்காதன்னு ஒரு ஆளைக் கெஞ்சிட்டு, என்ன சொல்லலாம்னு சொல்லு எடுத்துக் குடுப்பாங்க, 'அலை'ன்னு சொல்லு, அது நிக்காது, 'படகு'ன்னு சொல்லு, ரொம்ப நோக்கத்தை ஏத்துனா அது மூழ்கிரும்னு. படகுல எவ்வளவு ஏத்தலாம்னு தெரிஞ்சவங்க மத்தியில பிறந்தவ நான், அந்த வரி எனக்கு உவமையாவே தெரியல. எங்க தம்பிகிட்ட சொன்னேன், அவன் இப்ப நாட்டுப்படகு வச்சிருக்கான், "சரியாத்தான சொல்லியிருக்காங்க, வலைய ஏத்துனா பரவால்ல, ஆசைய ஏத்துனாத்தான் முழுகும்"னான். அவனுக்குக் கவிதையே பிடிக்காது.

இப்ப அப்பா போட்டோவுக்கு வர்றேன். நவம்பர் 2, கல்லறைத் திருநாள், ஊரே கல்லறைத் தோட்டத்துல பூவும் மெழுகுதிரியுமா இருக்கும், எங்களுக்குக் கொளுத்த இடம் கிடையாது. அம்மா கடற்கரைக்குப் போய் மணல்ல குழி தோண்டி, காத்துக்கு சிரட்டையைச் சாச்சு வச்சு ஒரு திரி ஏத்துவாங்க. ஏத்துன உடனே அணையும், திருப்பி ஏத்துவாங்க. ஒரு தீப்பெட்டி முடியிற வரைக்கும். போன வருஷம் அங்க இருந்து வந்து, குளிச்சிட்டு, நான் அந்தப் போட்டோவைச் சுவத்துல இருந்து இறக்கி மடியில வச்சேன். திமுலா பாத்த மாதிரி பாக்கணும்னு. 30 வருஷத்துல அதை நான் நிமிந்துதான் பாத்திருக்கேன், குனிஞ்சு பாத்தது அதுதான் முதல் தடவை.

என் புதுநன்மைக்கு, அதான் சர்ச்சுல முதல் தடவை நற்கருணை வாங்குற அன்னைக்கு, ராமேஸ்வரத்துல ஒரு ஸ்டூடியோவுல எடுத்தது. குடும்பமா ஒண்ணு எடுத்துட்டு, பிலிம் மிச்சம் இருக்குன்னு அப்பாவைத் தனியா ஒண்ணு எடுத்தாங்க. பின்னாடி பெயிண்ட் அடிச்ச திரை, மலையும் அருவியும். கட்டைக்கால் வச்ச ஒரு ஸ்டேண்டு மேல பிளாஸ்டிக் ரோஜா. கையில வாட்ச் இருக்கு, அப்பாவுக்கு வாட்ச் கிடையாது, ஸ்டூடியோக்காரர் மாட்டிவிட்டது. மணி 4 பத்து காட்டுது. நாங்க போனது காலையில பூசை முடிச்சு. அப்படின்னா ஓடாத வாட்ச். அப்படின்னா எங்கப்பா வாழ்க்கையில எப்பவோ ஒரு இரவல் நேரம் கடந்து போயிருக்கு. சட்டையில மேல் பட்டன் வரைக்கும் போட்டிருக்காரு, கழுத்தை இறுக்குது. அப்படின்னா அவருக்கு என் மேல ஒரு மரியாதை இருந்திருக்கு, எட்டு வயசுப் பிள்ளை மேல. வலது கை ஆள்காட்டி விரல்ல குறுக்கால ஒரு தழும்பு, மீன் பிடிக்கிற நைலான் நரம்பு அறுத்தது. சிரிக்கல. ஆனா வாய் இப்பத்தான் எதையோ சொல்லி முடிச்ச மாதிரி இருக்கு.

கடல் அந்தப் போட்டோல இல்ல. எவ்வளவு தேடுனாலும் இல்ல, மலையும் அருவியும்தான். ஆனா கண்ணைப் பாத்தா ரெண்டு கண்ணையும் சுருக்கி வச்சிருக்காரு. ஸ்டூடியோவுக்குள்ள, ரெண்டு குடை லைட்டுக்கு யாரு அவ்வளவு கண்ணைச் சுருக்குவாங்க, அது வெயில்ல பளபளக்கிற தண்ணியைப் பாத்து வருஷக்கணக்கா சுருக்குன கண்ணு, உள்ள வந்தும் விரிய மறந்த கண்ணு. நீ தெரியல, ஆனா என் அப்பா இப்படிக் கண்ணைச் சுருக்கிட்டு நிக்கிறாருன்னா நீ எதிர்லயே இருக்க, வந்துட்டே இருக்க. அந்த ஒரு வரியை எழுதி வச்சிருக்கேன். கவிதையான்னு கேட்டா தெரியாது. திமுலா சொல்லிக் குடுத்தது.

இப்ப ரெண்டு மாசமா அவங்களோட இன்னொரு கவிதையைத் தமிழ்ல கொண்டுவரப் பாக்கிறேன், அதுக்காகத்தான் இந்தப் பதிவே. தலைப்பு 'பன்மை'. இலக்கணப் பாடம் மாதிரி போகும், காதல், பெயர்ச்சொல், ஒருமை, ஆண்பாலும் இல்ல பெண்பாலும் இல்ல, காப்பாத்த ஆளில்லாத பால். இந்த இடம் எங்க கடற்கரை ஆளுங்களுக்கு ஈசியாப் புரியும், தமிழ்ல பொருளுக்கெல்லாம் ஆண் பெண் கிடையாது, ஆனா நாங்க வடக்குக் கடலைப் பெண்கடல்ங்கிறோம், தெற்குக் கடலை ஆண்கடல்ங்கிறோம், ரெண்டும் சேர்ற இடத்துக்கு அப்படி ஆணும் வைக்கல, பெண்ணும் வைக்கல. அடுத்து பயம், ஆரம்பத்துல ஒருமை, அப்புறம் பன்மை. அடுத்து வர்றதுதான் என்னை நிறுத்தி வச்சிருச்சு. ஞாபகம். துக்கங்களோட இயற்பெயர்னு சொல்றாங்க அதை. ஒருமை மட்டும்தான், எந்த உருபும் ஏத்துக்காது, எப்படி வச்சாலும் அப்படியே நிக்கும்னு சொல்லிட்டு அதே சொல்லை மூணு தடவை எழுதுறாங்க.

தமிழ்ல நினைவுன்னு போட்டேன். உடனே நினைவுகள்னு பன்மை வந்துருது, சினிமாப் பாட்டுல இருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் நினைவுகள்தான். ஞாபகம்னு போட்டா ஞாபகங்கள். கவிதையே கவுந்துருது. ரெண்டு வாரம் அப்படியே போட்டு வச்சேன். போன ஞாயித்துக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது அம்மா சேலை மடிப்பை எடுத்துக்கிட்டே, எதுக்கோ, "ராத்திரியெல்லாம் அவுக நெனப்புத்தான்"னாங்க. கொசுவத்தோட நிக்கிறாங்க, நான் அப்படியே பாத்துட்டு நிக்கிறேன். நெனப்பு. நெனப்புகள்னு எங்க ஊர்ல யாரும் சொல்லி நான் கேட்டதே இல்ல, ஒரு ஆளைப் பத்தி ஆயிரம் இருந்தாலும் நெனப்புத்தான், ஒண்ணுதான். அதுக்கடுத்து கவிதையில கடைசியா ராத்திரி வரும், பெயர்ச்சொல், ஒருமை, அப்புறம் அதோட பன்மை, இனிமே வரப்போற ராத்திரிகள்னு முடியும். அந்தப் பன்மையையும் அம்மா அதே வாக்கியத்துல குடுத்துட்டாங்க, 'கள்' போடாம.

இப்ப நோட்டுல இருக்கிற கடைசி வரிகள் இதுதான், இன்னும் மாத்துவேன், வேற யாராச்சும் இதைவிட நல்லா சொன்னா எழுதுங்க:

நெனப்பு, ஒருமை மட்டும்.
நெனப்பு. நெனப்பு. நெனப்பு.
ராத்திரி, பெயர்ச்சொல், ஒருமை.
பன்மை: ராத்திரியெல்லாம்.
இனிமே ராத்திரியெல்லாம்.